கிளீட் ஷூவோடு மூன்று முறை விழுந்தாயிற்று: நான்காவதற்கு முன் ஒரு யோசனை வேண்டும்

முட்டுக்காடு காற்று
ஞாயிறு, காலை 11.20

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுத வைத்தது என் இடது முழங்கை.

வயது 47. அடையாறில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். முதல் இரண்டு வருடம் தட்டைப் பெடலும் கேன்வாஸ் ஷூவுமாக ஓடியது. ஒரு குறையும் இல்லை. போன தீபாவளி போனசில் ரோடு பைக் வாங்கினேன். அதற்குத் தட்டைப் பெடல் கேட்டபோது கடையில் இருந்த பையன், "பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பா சார்?" என்றான். ரோஷம் வந்துவிட்டது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் எஸ்பிடி வகைப் பெடலும், அடியில் இரும்புக் கிளீட் (பெடலில் போய் மாட்டிக்கொள்ளும் சின்னத் துண்டு) வைத்த ஷூவும் வாங்கிக்கொண்டேன். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் பூட்டு விடும். இரண்டு பக்கமும் மாட்டக்கூடிய பெடல், இரண்டு திருகு வைக்கும் கிளீட்.

முதல் விழுதல் எங்கள் குடியிருப்பு வாசலில். வாட்ச்மேன் கேட்டைத் திறப்பார் என்று நம்பி மெதுவாக வந்தேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் வைத்தார்; கேட்டைத் திறக்கவில்லை. சைக்கிள் நின்றது. இரண்டு காலும் பெடலில் பூட்டியபடி, வெட்டிய வாழைமரம் போல வலப்பக்கம் சாய்ந்தேன். சல்யூட் வைத்த கை இறங்குவதற்குள் நான் தரையில்.

இரண்டாவது, திருவான்மியூர் சிக்னலில். இடது காலை ஒழுங்காகக் கழற்றிவிட்டேன், ஆனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவிலிருந்து ஓர் அம்மா, "ஐயோ, மயக்கமா?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஆமாம் என்று சொல்லி வாங்கிக் குடித்தேன். ஷூ பெடலில் பூட்டிக்கொண்டது என்று விளக்குவதைவிட மயக்கம் எளிது.

மூன்றாவது இன்று காலை, கோவளம் தாண்டி ஓர் இளநீர்க் கடையில். இந்த முறை நான் ஒரு தவறும் செய்யவில்லை. பத்தடி முன்னாலேயே இடது குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். வரவில்லை. மறுபடி திருப்பினேன். வரவில்லை. அதற்குள் வேகம் தீர்ந்துவிட்டது. உடம்பு மட்டைக் குவியலில் விழுந்தது. முழங்கை மட்டும் கடைக்கு முன்னால் போட்டிருந்த கருங்கல்லில். தோல் வழன்று வீங்கியிருக்கிறது, ஆனால் மடக்க முடிகிறது.

எனக்குப் புரியாதது இதுதான்: அதே கால், அதே பெடல். ஒரு சமயம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலக் கழன்றுகொள்கிறது, இன்னொரு சமயம் சிமெண்டு போட்டது போல நிற்கிறது. ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன்.

இது போதாதென்று 60 கிலோமீட்டர் தாண்டினால் வலது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. பழைய பெடலில் இந்த வலி இருந்ததே இல்லை.

இன்னும் ஆறு வாரத்தில் என் முதல் 200 கிலோமீட்டர் பிஆர்எம், அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். பணம் கட்டிவிட்டேன். பதின்மூன்றரை மணி நேரம் இந்த ஷூவில் இருக்க முடியுமா, அல்லது பழைய பெடலுக்கே திரும்பிவிடலாமா? "காசு கொடுத்து வாங்கி, அதிலேயே விழுந்து, கட்டுப் போடவும் காசு கொடுக்கிறீர்கள்" என்கிறாள் மனைவி. வங்கிக்காரனான என்னால் அந்தக் கணக்கில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.


பெரம்பூர் ஹெர்குலிஸ்
ஞாயிறு, மாலை 4.05

தம்பி, முதலில் அந்த முழங்கைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். மடக்க முடிகிறது என்பதை வைத்து எலும்பைப் பற்றி முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, விழப்போவது உறுதி என்று தெரிந்துவிட்டால் கையை ஊன்றாதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே தோளும் இடுப்பும் முதலில் படும்படி விழுந்தால் சிராய்ப்போடு போகும். ஊன்றினால் மணிக்கட்டு போகும். எனக்குப் போயிருக்கிறது.

எனக்கு 61 வயது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் நான் நம்பவில்லை. ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டேன் என்கிறீர்களே, எத்தனை திருகைத் தளர்த்தினீர்கள்?

உங்கள் பெடல் இரண்டு பக்கமும் மாட்டுகிற வகை. அப்படியானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஸ்பிரிங், தனித் திருகு. இரண்டு பெடலுக்கு மொத்தம் நான்கு. 3 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) போட்டு இடப்பக்கம் திருப்பினால் கிளிக் கிளிக் என்று தளரும். பெரும்பாலானவர்கள் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, மேலே தெரிகிற பக்கத்தை மட்டும் தளர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு காலை மாட்டும்போது எந்தப் பக்கம் மேலே வருகிறதோ அந்தப் பக்கத்தின் குணம்தான் உங்கள் குணம். தளர்ந்த பக்கம் வந்தால் வெண்ணெய், தளராத பக்கம் வந்தால் சிமெண்டு. நாளைக் காலை பெடலைக் கையால் சுழற்றி நான்கையும் பாருங்கள். ஒரேயடியாகத் திருகு வெளியே வந்துவிடும் அளவுக்கும் போகாதீர்கள். குறியீட்டுக் கோடு கடைசி நிலைக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, கிளீட்டைத் திருப்பிப் பார்த்து அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஷிமானோவின் எஸ்பிடியில் கறுப்பாக இருப்பது எஸ்ஹெச் 51. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். வெள்ளி நிறத்தில் இருப்பது எஸ்ஹெச் 56. கோணலாக மேலே இழுத்தாலும் விட்டுவிடும். பயத்தில் மனிதன் காலைத் திருப்ப மாட்டான், மேலேதான் இழுப்பான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வெள்ளிதான் சரி என்பது என் கட்சி. எழுந்து நின்று முரட்டுத்தனமாக மிதித்தால் சில சமயம் தானாகக் கழன்றுவிடும் என்று சிலர் குறை சொல்வார்கள். நாம் எழுந்து நின்று மிதித்து யாரை ஜெயிக்கப் போகிறோம்?

இனி என் கதை. கொஞ்சம் நீளம், ஆனால் உங்களுக்குத் தேவைப்படும்.

நான்கு வருடத்துக்கு முன், மே மாதம், திருப்போரூர்ச் சாலை. காலை பத்து மணியைத் தாண்டிவிட்டது. ஒரு டீக்கடையில் நிறுத்தலாம் என்று இடது குதிகாலைத் திருப்புகிறேன். கால் திரும்புகிறது. ஷூவும் திரும்புகிறது. ஆனால் கழலவில்லை. இன்னும் திருப்பினேன், குதிகால் சைக்கிளை விட்டு முழுக்க வெளியே போகும் அளவுக்குத் திரும்பியது. அப்போதுதான் புரிந்தது. கிளீட்டைப் பிடிக்கிற இரண்டு திருகில் ஒன்று வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே திருகை அச்சாக வைத்து ஷூ சுழல்கிறது. கிளீட் பெடலின் வாயில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மரை கழன்றுவிட்டது என்று வீட்டில் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார்கள். அன்றைக்குத்தான் அது நிஜமானது.

வலது காலால் மட்டும் மிதித்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போனேன். நிற்க முடியாது, நின்றால் விழ வேண்டும். அடுத்த அரை கிலோமீட்டரில் குனிந்து இடது ஷூவின் மூன்று பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, காலை மட்டும் உருவிக்கொண்டு, சாக்ஸோடு தார்ச்சாலையில் ஊன்றினேன். மே மாதத் தார். அந்தச் சூட்டை விவரிக்க வேண்டியதில்லை. காலியான ஷூ பெடலில் மாட்டியபடி, செருப்புக் கடை வாசலில் தொங்கவிட்ட மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு இன்னொரு சோதனை. திருகின் தலை ஷூவின் அடிப்பக்கம் இருக்கிறது, அடிப்பக்கமோ பெடலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆலன் கீயை எங்கே நுழைப்பது? ஒரு பஞ்சர் கடைக்காரரிடம் தட்டை ஸ்க்ரூ டிரைவர் வாங்கி, பெடலின் பின் தாடையை நெம்பிப் பின்னுக்குத் தள்ளினால்தான் கிளீட் வெளியே வந்தது. அவர் காசு வாங்கவில்லை. "இதற்கு முன்னால் நாய் வாயில் மாட்டிய பந்தைத்தான் இப்படி எடுத்திருக்கிறேன்" என்றார்.

பிட்டர் வேலை பார்த்தவன் திருகைச் சோதிக்காமல் வண்டி ஏறியிருக்கிறேன். ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: கிளீட் திருகை 4 மி.மீ. ஆலன் கீயால் இறுக்குங்கள். இறுக்கத்தின் அளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். புதுக் கிளீட்டின் பற்கள் ஷூவின் அடியில் போய்ப் பதியப் பதியத் திருகு தளரும். அதனால் முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும். மரையில் ஒரு பொட்டு கிரீஸ் தடவுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் கிரீஸ் இல்லாத திருகு ஆறு மாதத்தில் துருப்பிடித்து ஷூவோடு ஐக்கியமாகிவிடும்.

பெடலையே கழற்ற நேர்ந்தால் இடது பெடலின் மரை தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். வலப்பக்கம் திருப்பினால் கழலும். இது தெரியாமல் குழாயைப் போட்டு நெம்பி, பெடல் மாட்டுகிற கிராங்கின் மரையையே வழித்தெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முழங்கால் விஷயத்தை விவரம் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன்.


தவளைப் பாய்ச்சல்
ஞாயிறு, மாலை 5.30

மட்டைக் குவியலில் விழுந்ததற்கு வீடியோ ஏதும் இருக்கிறதா?


மருதமலை அடிவாரம்
ஞாயிறு, இரவு 9.40

அண்ணா, நான் கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட். பார்க்காமல் முழங்காலுக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய பெடலில் இல்லாத வலி, ஒரே காலில், உள்பக்கம் என்கிறீர்கள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் கிளீட்டின் கோணத்தைப் பாருங்கள்.

தட்டைப் பெடலில் கால் தனக்குப் பிடித்த கோணத்தில் வைத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் தானே நகர்த்திக்கொள்ளும். நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கிளீட் போட்டதும் அந்தச் சுதந்திரம் சில பாகைகளுக்குள் அடங்கிவிடுகிறது. இயல்பாகவே பாதம் வெளிப்பக்கம் பார்க்கிற ஒருவரை நேராகப் பூட்டிவைத்தால், ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை. 60 கிலோமீட்டரில் அது வலியாகப் பேசுகிறது.

உயரமான மேசையின் விளிம்பில், தொடை முழுவதும் மேசையில் படும்படி உட்கார்ந்து காலைத் தொங்கவிடுங்கள். எதையும் யோசிக்காமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டுக் கீழே பாருங்கள். வலது பாதம் இடது பாதத்தைவிட வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறதா? அப்படியென்றால் அந்தக் கோணத்துக்கு ஏற்றபடி கிளீட்டைத் திருப்பி வைக்க வேண்டும். குழப்பமான இடம் இதுதான்: பாதத்தின் முன்பகுதி வெளியே பார்க்க வேண்டுமென்றால் கிளீட்டின் மூக்கு உள்பக்கம், அதாவது பெருவிரல் பக்கம் திரும்ப வேண்டும். நான் முதல் தடவை இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வாரம் நொண்டினேன். பிசியோதெரபிஸ்ட் நொண்டினால் வருகிற நோயாளிகள் என்ன நினைப்பார்கள்?

கழற்றுவதற்கு முன் கிளீட்டைச் சுற்றி ஷூவின் அடியில் வெள்ளை மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் ஓரிரு மில்லிமீட்டர். கோடு இல்லாமல் மாற்றினால் எங்கிருந்து புறப்பட்டோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

முன்பின் நிலை: பெருவிரலுக்குக் கீழே புடைத்திருக்கும் எலும்பு பெடலின் அச்சுக்கு நேர்மேலே வருவது வழக்கமான தொடக்கம். 200 கிலோமீட்டர் போன்ற தூரத்துக்கு அதிலிருந்து கிளீட்டைச் சற்றுக் குதிகால் பக்கம் தள்ளி வைப்பது நல்லது என்பது என் அனுபவம். முன்னால் இருந்தால் கெண்டைக்கால் வேலை செய்துகொண்டே இருக்கும். பாதம் மரத்துப்போகும், எரியும். வெயிலில் பாதம் வீங்குவதும் உண்டு. மதியத்துக்கு மேல் முன்பட்டையைத் தளர்த்திவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு இறுக்கமாகக் கட்டிய ஷூ மதியம் இரண்டு மணிக்கு வேறு ஷூ.

சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல், ஷூ இரண்டும் மாறியதில் பாதத்துக்கும் அச்சுக்கும் இருந்த இடைவெளி மாறியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். உங்களுக்கு உள்பக்கம் என்பதால் முதல் சந்தேகம் கோணத்தின் மேல்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுவிடாதீர்கள்.

விழுவது பற்றியும் ஒன்று. எந்தக் காலைக் கழற்றுகிறோம் என்பதைவிட உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுதான் நம்மை விழவைக்கிறது; சிக்னலில் உங்களுக்கு நடந்தது அதுதான். இடது காலைக் கழற்றியதும் ஹேண்டில்பாரை ஒரு துளி வலப்பக்கம் திருப்புங்கள். சைக்கிள் தானாக இடப்பக்கம் சாயும். நம் ஊரில் சாலையோரம் இடப்பக்கம் இருப்பதால் விழுந்தாலும் வண்டிகளுக்கு அடியில் விழ மாட்டோம். வலப்பக்கம் விழுந்தால் கியர் மாற்றியும் வளையும், அந்தச் செலவு தனி.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்பதாவதிலோ பத்தாவதிலோ குரங்குக்காக நின்றேன். இறங்குவது சுலபமாக இருந்தது. ஏற்றத்தில் மறுபடி கிளம்புவதுதான் வேதனை. ஒரு கால் பூட்டி, இன்னொரு காலால் அரைச் சுற்று மிதிப்பதற்குள் கிளீட் மாட்டாவிட்டால் வண்டி நின்றுவிடும். மாட்டத் தேடாதீர்கள். மாட்டாத காலை அப்படியே பெடலின் மேல் வைத்து நான்கைந்து சுற்று மிதித்து, வேகம் வந்த பிறகு மாட்டுங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அந்தக் குரங்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு முறை கிளம்பிப் பார்த்ததை அது அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.


தட்டைப் பெடல் தாண்டவராயன்
திங்கள், காலை 6.15

எல்லோரும் பூட்டைச் சரிசெய்யத்தான் வழி சொல்கிறீர்கள். பூட்டு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன பருவத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிஆர்எம் நான்கையும் தட்டைப் பெடலில் முடித்தேன். காலில் பட்டை வைத்த சாதாரணச் சாண்டல். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் தருகிறார்கள். எனக்கு 38 ஆனது. மழையில் நனைந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். வழியில் கையெழுத்து வாங்க வேண்டிய கட்டுப்பாட்டு நிலையத்தில் இறங்கி நடக்கும்போது மற்றவர்கள் லாடம் அடித்த மாடு போல டக் டக் என்று வழுக்கிக்கொண்டு போவார்கள். நான் கையெழுத்து வாங்கி, இட்லி சாப்பிட்டு, கிளம்பியே போயிருப்பேன்.

மேலே வரும் காலையும் இழுத்தால் கூடுதல் பலம் என்று விற்பார்கள். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் இழுத்துக்கொண்டிருக்கிற ஒருவரை நான் பார்த்ததில்லை. என்னைப் பொறுத்தவரை, மேலே வரும் காலின் பாரம் பெடலை அமுக்காமல் இருந்தாலே போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆணி வைத்த பெடல் ஒரு தடவை வழுக்கி முழங்காலுக்குக் கீழே நான்கு ஓட்டை போட்டது. தழும்பு இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் விழுந்ததில்லை.


பெரம்பூர் ஹெர்குலிஸ்
திங்கள், காலை 9.50

தாண்டவராயன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இழுப்பதால் பலம் என்பது எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் மேடுபள்ளமான சாலையில், இருபது மணி நேரம் கழித்துத் தூக்கக் கலக்கத்தில், கால் பெடலில் எங்கே இருக்கிறது என்று நினைக்கவே வேண்டாம் என்கிற நிம்மதி இருக்கிறதே, நான் அதற்குத்தான் காசு கொடுத்தேன்.

பழைய ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். நான் வாலிபனாக இருந்தபோது பந்தய சைக்கிளில் பெடலுக்கு முன்னால் ஒரு இரும்புக் கூண்டு இருக்கும், அதைச் சுற்றித் தோல் வார். காலை உள்ளே விட்டு வாரை இறுக்க வேண்டும். நிற்பதற்கு முன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். அந்தக் கூண்டுக்குப் பெயர் கிளிப். அது இல்லாத பெடல் வந்ததால்தான் இதற்குக் கிளிப்லெஸ் என்று பெயர். கிளிப் போல மாட்டுகிற பெடலுக்குக் கிளிப் இல்லாத பெடல் என்று பெயர் வைத்ததன் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. பிரான்சில் பனிச்சறுக்குப் பலகையில் காலைப் பூட்டுகிற கொக்கி செய்துகொண்டிருந்த லுக் நிறுவனம், அதே யோசனையை 1984இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் தன் ஐந்தாவது டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். உங்கள் எஸ்பிடி வந்தது 1990இல். கிளீட் ஷூவின் அடிக்குள் புதைந்திருப்பதால் நடக்க முடிகிற வகை. மூன்று திருகு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் கிளீட் ஷூ போட்டு டைல்ஸ் தரையில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் தாண்டவராயன் சொன்ன மாடு பொருந்தும்.

தம்பி, நான்கு திருகைப் பார்த்தீர்களா?


முட்டுக்காடு காற்று
இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 1.15

பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். முழங்கையில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் பத்து நாள் சைக்கிளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பத்து நாளும் ஆலன் கீயோடு உட்கார்ந்திருந்தேன்.

ஹெர்குலிஸ் ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை போட வேண்டும், எனக்குத்தான் அது ஆகாது. நான்கில் இரண்டைத்தான் தளர்த்தியிருந்தேன். வலது பெடலில் ஒரு பக்கம், இடது பெடலில் ஒரு பக்கம். மற்ற இரண்டும் கடையில் வந்தபடியே இறுக்கமாக இருந்தன. தளராத பக்கத்தில் ஷூவைக் கையால் மாட்டித் திருப்பிப் பார்த்தேன். உட்கார்ந்த நிலையில் இரண்டு கையாலும் திருப்பவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கிளீட்டில் பொறித்திருந்தது 51. வலது ஷூவில் வெள்ளி நிறத்துக்கு மாற்றிவிட்டேன்; இடதின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பிறகு எங்கள் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில், 14ஆம் எண் தூணைப் பிடித்துக்கொண்டு இடது கால் மட்டும் மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி, ஒரு நாளைக்கு நூறு. மூன்றாம் நாள் வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு, "சார், நான் கேட்டைத் திறந்தே வைத்துவிடுகிறேன்" என்றார்.

சாலையில் எனக்கு உதவியது நானே வைத்துக்கொண்ட ஒரு வழக்கம். சிக்னல் பச்சையாக இருந்தாலும் அதற்கு முன்னால் ஓர் அடையாளத்தைத் தாண்டும்போது இடது கால் வெளியே வந்துவிட வேண்டும். திருவான்மியூரில் அது ஒரு மருந்துக் கடைப் பலகை. பச்சையிலேயே தாண்டினாலும் பரவாயில்லை, மறுபடி மாட்டிக்கொள்ளலாம். முன்பெல்லாம் சிவப்பு விழுந்த பிறகுதான் காலைப் பற்றியே யோசிப்பேன்.

தங்கை மருதமலைக்கு: மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பாதம் ஏறத்தாழ நேராக நிற்கிறது. வலது பாதம் வாத்து மாதிரி வெளியே பார்க்கிறது. 47 வருடமாக என்னோடு இருக்கிற கால், எனக்கே தெரியாது. வெள்ளை மார்க்கர் கோடு போட்டு, கிளீட்டின் மூக்கைப் பெருவிரல் பக்கம் கொஞ்சம் திருப்பினேன். இன்று மாமல்லபுரம் போய் வந்தேன், 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 70 வரை முழங்காலைப் பற்றிய நினைப்பே இல்லை. கடைசி இருபதில் லேசாக ஒரு முணுமுணுப்பு. இன்னும் ஒரு மில்லிமீட்டர் திருப்பலாமா, அல்லது ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பார்க்கலாமா?

தாண்டவராயன் ஐயாவுக்கு: பழைய தட்டைப் பெடலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பிஆர்எம் நாளில் மழை என்றால் அதுதான்.

கடைசியாக ஒரு சிக்கல். வலது ஷூவில் கோணம் மாற்றிய கையோடு இடது ஷூவின் பழைய கிளீட்டையும் கழற்றப் பார்த்தேன். ஒரு திருகு சுலபமாக வந்தது. இன்னொன்றின் தலைக்குழியில் ஆலன் கீ இறங்கவே மறுக்கிறது. பலவந்தமாகத் திருப்பியதில் ஆறு மூலையும் வட்டமாகிவிட்டது. இப்போது வலது ஷூவில் வெள்ளிக் கிளீட், இடதில் கறுப்பு. கழற்றுகிற காலில்தான் பழையது நிற்கிறது. கடைக்குப் போக வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?


மருதமலை அடிவாரம்
ஞாயிறு, மதியம் 2.40

ஒரு வாரம் இப்படியே ஓட்டுங்கள், அண்ணா. பத்து நாள் ஓய்வுக்குப் பிறகு முதல் நாளே 90 போயிருக்கிறீர்கள். அந்த முணுமுணுப்பு கிளீட்டினுடையது என்று இப்போதே சொல்ல முடியாது.


பெரம்பூர் ஹெர்குலிஸ்
ஞாயிறு, மாலை 3.30

குழியில் மணலும் தாரும் அடைத்துக் கெட்டியாகியிருக்கும். அதனால்தான் கீ மேலாக மட்டும் பிடித்து மூலையை வழித்துவிட்டது. முதலில் ஒரு ஊக்கின் முனையால் குழியைச் சுரண்டி அடி தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு ஒரு சொட்டுத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க அப்படியே வையுங்கள். காலையில் டி25 நட்சத்திர முனையைக் குழியில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. வட்டமான குழியில் அது கடித்துக்கொண்டு உட்காரும். தட்டும்போது ஷூவுக்குள் ஒரு மரக்கட்டையைக் கொடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடி உடையும். கீழ்நோக்கி நன்றாக அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள்; முதல் கால் சுற்று வந்துவிட்டால் மீதி தானாக வரும். அந்தத் திருகைத் திரும்பப் போடாதீர்கள். புதுக் கிளீட்டோடு வந்த திருகைக் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

ஊக்கு சேலைக்கு வைக்கிற பெரிய அளவாக இருக்கட்டும். வீட்டில் கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்காதீர்கள்.